தோட்டப் படிப்பகமும் நகர நூலகமும்: ஈப்போ, புந்தோங் வட்டாரத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

நூலகம் ஒன்றை வடிவமைத்தல் என்றவுடன் கட்டடக் கலைஞரின் வரைபடமே பலர்க்கும் நினைவில் தோன்றும். கூரையின் சாய்வு, சாளரங்களின் அளவு, அடுக்குகளுக்கு இடையில் விடவேண்டிய இடைவெளி ஆகியன வேண்டியவையே. ஆயினும், அந்நூலகத்திற்கு யார் வருவர், எம்மொழியில் படிப்பர், எந்நேரத்தில் வருவர், வாயில்வரை வந்து உள்ளே நுழையத் தயங்குவோர் எவர் என்னும் வினாக்கள் வரைபடத்திற்கு முந்தியவை. அவ்வினாக்களைப் பேராக் மாநிலச் சூழலில், ஈப்போ நகரின் புந்தோங் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுப்ப இக்கட்டுரை முற்படுகிறது. அவ்வட்டாரத்தில் இன்றுள்ள சேவைகளை மதிப்பிடுவது எம் நோக்கமன்று. அத்தகையதொரு பகுதியில் கிளை நூலகம் ஒன்றை அடித்தளத்திலிருந்து எண்ணிப் பார்ப்பின் எவற்றைக் கருத்திற் கொள்ளவேண்டும் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

புந்தோங்கைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. நாட்டின் சட்டமன்றத் தொகுதிகளுள் இந்திய வாக்காளர் விகிதம் மிக உயர்ந்து காணப்படுவனவற்றுள் புந்தோங்கும் ஒன்று. தைப்பூச நாளில் கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்திற்குச் செல்லும் காவடிகள் இங்குள்ள மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்தே புறப்படுகின்றன. எட்டயபுர வட்டாரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் கடலையும் முறுக்கும் செய்து விற்றுப் பெயர் பெற்ற கச்சான் பூத்தே கம்பமும் இங்கேதான் உள்ளது. அதே புந்தோங்கில் 1950களின் அவசரகாலத்தில் உருவான சீனர் புதுக்கிராமமும் இருக்கிறது. ஆகவே இதனைத் தமிழர் பகுதி என்று மட்டும் கூறுவது பிழையாகும். கந்தோனீசும் தமிழும் மலாயும் ஒரே சந்தையில் ஒலிக்கும் இடம் அது. கடையில் சீனரிடம் கந்தோனீசில் விலை பேசும் தமிழ் மூதாட்டியரை ஈப்போவில் காண்பது அரிதன்று.

பள்ளிக்குச் சட்டம், படிப்பகத்திற்கு மக்கள்

இப்பகுதி மக்களுள் பலரின் முன்னைத் தலைமுறை தோட்டங்களில் வாழ்ந்தது. 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகளோடு தொடங்கும் வரலாற்றை இங்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் பொருளுக்கு வேண்டியது ஒரு சட்டம். 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதுடைய குழந்தைகள் பத்துப் பேர் வாழும் தோட்டங்களில் பள்ளி அமைக்கவேண்டுமெனப் பணித்தது. இன்று பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருப்பதற்கும், நாட்டிலேயே மிக அதிகமான தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட மாநிலமாக அது விளங்குவதற்கும் அச்சட்டம் ஒரு வேர். ஆயின் பள்ளியை விட்டு வெளியேறியவன் எதைப் படிப்பான் என்பது பற்றிச் சட்டம் எதுவும் கூறவில்லை. பள்ளிக்கூடம் நிருவாகத்தின் கடமையாயிற்று. வாசிப்பு எவருடைய கடமையும் ஆகவில்லை.

அந்த வெற்றிடத்தை மக்களே நிரப்பினர். தோட்டத்துக் கோயிலின் ஓரத்திலோ, லயத்தின் கடைசி வீட்டிலோ, பயன்படாது கிடந்த சாமான் கொட்டகையிலோ ‘படிப்பகம்’ என்னும் பெயர்ப்பலகை ஏறியது. இவற்றின் பின்னணியில் சமுதாயச் சீர்திருத்த இயக்கத்தின் தாக்கம் இருந்தது. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயா வந்தபோது ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டமை நாம் அறிந்ததே. பின்னர் ‘தமிழ் முரசு’ வளர்த்த மாணவர் மணிமன்றமும், அதன் வழிப் பரவிய தமிழ் இளைஞர் மணிமன்றங்களும் நூல் சேர்த்தலை இளைஞர் பணியாக்கின. மன்றம் உள்ள இடத்தில் ஓர் அலமாரியும், அதற்கு ஒரு பூட்டும், சாவியை வைத்திருக்கும் ஒரு செயலாளரும் இருப்பது வழக்கமாயிற்று.

இப்படிப்பகங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் நூல்களின் எண்ணிக்கையையே நோக்குகிறோம். அங்கே நடந்த வாசிப்பின் இயல்பை நோக்குவதில்லை. மாலையில் ஒருவர் நாளேட்டை உரக்கப் படிக்க, எழுத்தறியாதோர் சூழ்ந்திருந்து கேட்பர், நடுவில் நிறுத்தி வினவுவர், வாதிடுவர். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேச’னும் 1935இல் சிங்கப்பூரில் தோன்றிய ‘தமிழ் முர’சும் இவ்வாறு ஒரு படிக்குப் பல செவிகளைப் பெற்றன. தோட்ட வாசிப்பு பெருமளவு செவிவழி வாசிப்பாகவே இருந்தது. ‘அமைதி காக்கவும்’ என்னும் அறிவிப்பைத் தொங்கவிடும் நூலகம், இம்மரபில் வந்தவர்க்கு முதல் நோக்கிலேயே அயலிடமாகிவிடுகிறது. பின்னர்க் கூறவிருக்கும் அறை அமைப்புக்கு இதுவே அடிப்படை.

இடப்பெயர்வும் எடைக்குப் போன நூல்களும்

தோட்டங்கள் துண்டாடப்பட்ட 1950களின் பிற்பகுதியில் முதல் அலையாகத் தொழிலாளர் வெளியேறினர். அதனைத் தடுக்கும் முயற்சியாகவே சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அதன்பின் இரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. செம்பனைத் தோட்டங்கள் பல வீடமைப்புத் திட்டங்களுக்கு வழிவிட்டன. 1980க்கும் 2000க்கும் இடையில் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் இந்தியத் தொழிலாளர் தோட்டங்களிலிருந்து பெயர்ந்தனர் என ஆய்வாளர் மதிப்பிடுவர். பேராக்கைப் பொறுத்தவரை இதனோடு இன்னோர் அடியும் சேர்ந்தது. உலகின் ஈயச் சந்தை 1985இல் சரிந்தபோது கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. தோட்டத்தை விட்டு வந்தவர்களை ஏற்கவேண்டிய நகரமே தொழில் இழந்து நின்றது. இளையோர் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர். முதியோரும் சிறுவரும் தங்கினர்.

இடம்பெயர்ந்தோர் கோயில் விக்கிரகத்தைக் கொண்டுவந்தனர். பல இடங்களில் பள்ளியின் உரிமத்தையும் நகருக்குக் கொண்டுவந்தனர். படிப்பகத்தை எவரும் கொண்டுவரவில்லை. அதற்கு உரிமமும் இல்லை, கும்பாபிடேகமும் இல்லை. சாவி வைத்திருந்த செயலாளரின் வீட்டில் அந்நூல்கள் அட்டைப் பெட்டிகளில் சிலகாலம் இருந்தன. மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் ஒரு பெட்டி நூல் என்பது ஒருவர் உறங்கும் இடம். ஈப்போவின் புறநகரில் நாம் சென்ற ஒரு வீட்டில், மணிமன்ற முத்திரை குத்திய நாவல்களும் இதழ்த் தொகுப்புகளுமாக ஏழு பெட்டிகள், குடும்பத்தலைவர் காலமான மறுமாதமே பழைய தாள் வாங்குபவரிடம் எடைக்குப் போயிருந்தன. அதற்குமுன் அவர் மகள் ஒரு நூலகத்தைத் தொலைபேசியில் அணுகியிருக்கிறார். தமிழ் நூல்களைப் பட்டியலிட ஆள் இல்லை என்னும் விடையே கிடைத்ததாம். அந்தப் பணியாளரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. படிக்க இயலாத எழுத்தில் அமைந்த ஏழு பெட்டிகளை அவர் என்ன செய்திருக்க முடியும்?

இத்தகைய இழப்பு தவிர்க்கக்கூடியது என்பதற்குத் தமிழுலகில் சான்று உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபின் அவருடைய சேகரம் சிதறிப் போகாமல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு சென்னையில் ஆய்வு நூலகமாக உருப்பெற்றது. நம் நாட்டிலேயே, 1950களில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ வாயிலாக நடத்திய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதித்திரட்டு, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கான தமிழ் நூல் தொகுதிக்கு அடித்தளமிட்டது. தோட்டத் தொழிலாளரும் தம்மாலியன்ற சிறுதொகையை அதற்கு ஈந்தனர். அந்நூல்கள் இன்று ஆய்வாளர் கைகளில் உள்ளன. வெள்ளி கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தெருவிற்கு அதற்கு இணையான எதுவும் செல்லவில்லை என்பதனைத் துறைசார்ந்தோராகிய நாம் சற்றுக் கூச்சத்துடனேயே எழுதவேண்டியுள்ளது.

தொலைவு என்னும் தடை

மலேசியாவின் பொது நூலக அமைப்பு 1968இல் ஹெட்விக் அனுவார் அளித்த திட்ட அறிக்கைக்குக் கடன்பட்டது. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இயக்குநராக விளங்கிய அவர், மாநில அளவிலான நூலக அமைப்புகளை முன்மொழிந்தார். பின்னர் மாநிலந்தோறும் பொது நூலகக் கழகங்கள் தோன்றின. ஈப்போவில் மாநிலக் கழகத்தின் நூலகத்தோடு, மாநகர மன்றத்தின் துன் ரசாக் நூலகமும் செயற்படுகிறது. கிராமப் பகுதிகளுக்கெனத் தேசிய நூலகம் ‘பெர்புஸ்தகாஆன் டேசா’ எனப்படும் சிற்றூர் நூலகங்களை அமைத்தது. இவ்வரிசையில் இடறுவது நகர்ப்புற ஏழை. அவர் சிற்றூரில் இல்லாமையால் சிற்றூர் நூலகத்திற்கு உரியவரல்லர். நகரத்தில் இருப்பதனால் நகர நூலகம் அவருக்கு உரியது எனக் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. ஆனால் புந்தோங்கிலிருந்து நகர மையம் சில கிலோமீட்டர் தொலைவே என்றாலும், உந்துவண்டி இல்லாத வீட்டின் பத்து வயதுச் சிறுமிக்கு அது வேறு நகரம்.

நூலக அறிவியலின் தந்தை எனப்படும் சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், வாசகனின் காலத்தைச் சேமிப்பது பற்றிய விதியை நாம் பெரும்பாலும் நூற்பட்டியலோடு மட்டும் பொருத்திப் பார்க்கிறோம். தொலைவும் காலமே. அதே 1931ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். தமிழகம் 1948இல் விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றி, சொத்துவரியோடு நூலக வரியையும் தண்டும் முறையைக் கொண்டுவந்தமைக்கு முன்னோடியாக, நூல் மனிதனைத் தேடிச் செல்லவேண்டும் என்னும் எண்ணம் அந்த வண்டியிலேயே ஏறிவிட்டது.

தொலைவைப் பற்றி அண்மைக்காலத்தில் ஊன்றி எண்ணிய நகரப் பகுதி இலண்டனின் டவர் ஹேம்லெட்ஸ் ஆகும். வங்காளதேசத்தவர் பெருந்தொகையாக வாழும் அவ்வட்டாரத்தில் பழைய நூலகங்களைப் பெரும்பாலோர் பயன்படுத்தவில்லை. மக்களைக் கேட்டபோது, கடைத்தெருவுக்குப் போகும் வழியிலேயே நூலகம் இருக்கவேண்டும் என்றனர். அதன்படி 2002இல் போவிலும், 2005இல் டேவிட் அஜாயேயின் வடிவமைப்பில் வைட்சேப்பல் தெருச்சந்தையை ஒட்டியும் ‘ஐடியா ஸ்டோர்’ எனும் பெயரில் புதிய நூலகங்கள் எழுந்தன. ‘நூலகம்’ என்ற சொல்லையே நீக்கியதை மரபாளர் சிலர் ஏற்கவில்லை. நமக்கும் அதில் உடன்பாடில்லை. ஆயினும் சந்தையின் ஓரம் என்னும் தேர்வு சரியானது. கொலம்பியாவின் மெடயின் நகரம் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. வறிய மலைச்சரிவு ஒன்றில் மூன்று கரும்பாறைகள் போல் எழுப்பப்பட்ட எசுப்பானிய நூலகப் பூங்கா 2007இல் உலகப் புகழ் பெற்றது. கட்டமைப்புக் குறைபாடுகளால் 2015இல் அதனை மூட நேர்ந்தது. ஒளிப்படத்திற்கு ஏற்ற கட்டடமும் பராமரிக்கத்தக்க கட்டடமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. புந்தோங்கில் நாமாயின் புதுக்கட்டடத்தைவிட, சந்தைக்கு அருகில் இரண்டு கடைவீடுகளை இணைத்துப் பெறுவதையே முதலில் கருதுவோம்.

எத்தனை நூல், எம்மொழியில்?

பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பு 2001இல் வெளியிட்ட வழிகாட்டி, ஆள் ஒருவருக்கு 1.5 முதல் 2.5 நூல்கள் வரை இருத்தல் நன்று என்கிறது. கணக்கு வசதிக்காக வட்டாரத்தில் 20,000 பேர் எனக் கொண்டால், கீழெல்லையே 30,000 நூல்கள். இவற்றுள் தமிழுக்கு எவ்வளவு? மாநில மக்கள்தொகையில் இந்தியர் பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல். அவ்விகிதத்தைப் பின்பற்றினால் தமிழ் நூல்கள் மூவாயிரத்தைச் சற்றே தாண்டும். வட்டார விகிதத்தைப் பின்பற்றி ஏறத்தாழப் பாதி எனக் கொண்டால் பதினைந்தாயிரம். ஒரே நூலகத்திற்கு இருவேறு கணக்கு. அதிகாரி எந்தக் கணக்கைக் கையில் எடுக்கிறார் என்பதே தமிழின் இடத்தை முடிவு செய்துவிடுகிறது. வட்டார விகிதமே முறையானது.

எனினும், பாதி அடுக்குகள் தமிழுக்கு எனக் கோரி அதோடு நிற்பதும் தவறு. இந்தியப் பிள்ளைகள் அனைவரும் தமிழ்ப்பள்ளியில் பயில்வதில்லை. தமிழ் பேசியும் தமிழ் படிக்க அறியாதோர் உளர். பதினைந்தாயிரம் வேறுவேறு தலைப்புகளை வாங்கி அடுக்கினால், அவற்றுள் பெரும்பகுதி எவர் கையும் படாமல் மஞ்சளடிக்கும். தலைப்புகள் குறைவாயினும் படிகள் மிகுதியாக இருப்பதே இங்குப் பொருந்தும். நல்ல சிறுவர் கதைநூல் ஒன்றினை இருபது படி வாங்கலாம். 1990களின் இறுதியில் பள்ளிகளில் தொடங்கிய நீலாம் வாசிப்புத் திட்டத்திற்காகப் பிள்ளைகள் நூற்குறிப்பு எழுத விரைந்த காலத்தை ஆசிரியர்கள் மறந்திரார். ஐம்பது பிள்ளைகள் அதே நான்கு மெல்லிய நூல்களுக்குக் குறிப்பு எழுதியதற்குக் காரணம் சோம்பல் மட்டுமன்று. மாணவர் 150 பேருக்கும் குறைந்த சிறிய பள்ளிகளின் வளமையத்தில் இருந்ததே அவ்வளவுதான்.

இருமொழி நூல்கள் பற்றி ஒரு குறிப்பு. தமிழும் மலாயும் ஒரே பக்கத்தில் அமைந்த கதைநூல், தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு மலாய் கற்க உதவும் என்பது பொதுவாகக் கூறப்படும் பயன். அதைவிடப் பெரிய பயன் வேறொன்று: தமிழ் படிக்க அறியாத தாயும் தமிழ்ப்பள்ளியில் பயிலும் மகளும் ஒரே நூலை ஒன்றாகப் படிக்கலாம்.

பட்டியலில் மறையும் நூலாசிரியர்

வடிவமைப்பு என்னும் சொல்லைக் கட்டடத்திற்கு மட்டும் உரியதாக்காமல், நூற்பட்டியலுக்கும் உரியதாக்க வேண்டும் என்பது எம் உறுதியான கருத்து. கதவு திறந்திருந்தும் பட்டியல் மூடியிருந்தால் நூல் இல்லாததற்குச் சமம்.

முதலாவது சிக்கல் பகுப்பெண். பெரும்பாலான பொது நூலகங்கள் பின்பற்றும் டூயி தசமப் பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811 என்னும் எண்ணைப் பெறுகிறது. சீன இலக்கியம் 895.1, மலாய் இலக்கியம் 899.28, ஆங்கில இலக்கியம் 820. மொழியே இங்கு முதன்மை, நாடு பொருட்டன்று. இதனால் பேராக் தோட்டத்தைக் களமாகக் கொண்டு அ. ரெங்கசாமி எழுதியிருந்தாலும், ரெ. கார்த்திகேசு எழுதியிருந்தாலும், அந்நாவல் சென்னைப் பதிப்பகங்களின் நூற்றுக்கணக்கான நாவல்களுக்கு இடையில் சென்று அமர்கிறது. அதே நிலத்தைப் பற்றிய மலாய் நாவலும் சீன நாவலும் வெவ்வேறு அடுக்குகளில் உள்ளன. கிந்தாப் பள்ளத்தாக்கைப் பற்றிப் படிக்க விரும்பும் ஒருவர் நான்கு இடங்களுக்கு நடக்கவேண்டும். அதுவும் அவர் நான்கு மொழியும் அறிந்திருந்தால். பகுப்பெண்ணை மாற்றவேண்டும் என நாம் கூறவில்லை. ‘நம் வட்டாரம்’ என ஓர் அடுக்கு அமைத்து, மொழிபாராது இம்மாநிலத்தைப் பற்றிய நூல்களை அங்கே அருகருகே நிறுத்தினால் போதும். தமிழ் நூலின் முதுகு சீன நூலின் முதுகோடு உரசி நிற்பதைப் பிள்ளைகள் காணட்டும்.

இரண்டாவது சிக்கல் பெயர். மலாய்ப் பெயருக்குரிய விதியும், மேலைநாட்டுக் குடும்பப் பெயருக்குரிய விதியும் தமிழ்ப் பெயருக்குப் பொருந்துவதில்லை. முன்னெழுத்து தந்தையின் பெயர்; அதனைக் குடும்பப் பெயராகக் கொண்டு தலைகீழாகப் பதிவு செய்தால் ஆசிரியர் தம் தந்தையின் பெயரில் அடையாளம் பெறுவார். அடுத்து, உரோமன் எழுத்து. ‘கார்த்திகேசு’ என்னும் பெயரின் தகர ஒலிக்கு எச் எழுத்தைச் சேர்ப்போரும் சேர்க்காதோரும் உண்டு. நடுவிலுள்ள ககரத்தை ஜி எனவும் கே எனவும் எழுதுவர். சென்னைப் பேரகராதி வழிவந்த ஒலிபெயர்ப்பைப் பின்பற்றும் ஆய்வு நூலகமோ, அவ்வாசிரியரே அடையாளம் கண்டுகொள்ள முடியாத மேற்குறிகளுடன் எழுதும். ஒரே எழுத்தாளர் மூன்று ஆட்களாகப் பட்டியலில் பிரிந்து கிடக்கிறார். அவர் எழுதிய பத்து நூலில் மூன்றைக் கண்ட மாணவன், மூன்றுதான் எழுதினார் எனக் கொள்வான். நம்மிடம் வந்த முதுகலை மாணவருள் சிலர் அவ்வாறு கொண்டதும் உண்டு.

மூன்றாவது, எழுத்துரு. கணினியில் தமிழைப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தோருள் நம் நாட்டவரான முத்து நெடுமாறன் முன்னோடி. அவருடைய முரசு மென்பொருள் 1985லேயே தோன்றியது. ஆனால் யூனிகோடு எங்கும் பரவும்வரை ஒவ்வோர் அலுவலகமும் தத்தம் எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அக்காலத்துப் பதிவுகள் இன்றைய கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. அவற்றை மாற்றும் செயலிகள் உண்டு; மாற்றியது சரியா எனப் பார்க்கத் தமிழ் அறிந்த கண்கள் வேண்டும்.

இவை மூன்றற்கும் தீர்வு ஒன்றே: பதிவைத் தமிழ் எழுத்திலேயே அமைத்து, ஆசிரியர் பெயரின் எல்லா வடிவங்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் பெயர்ப் பட்டியலை உருவாக்குதல். இதனைக் கட்டடக் கலைஞர் செய்ய இயலாது. நம் துறையும் தமிழாசிரியர்களும் செய்யலாம். மலேசியத் தமிழ் எழுத்தாளர் பெயர்களுக்கு அத்தகைய பட்டியல் ஒன்றைத் தொகுக்க மாணவர் சிலருக்கு ஓரிரு பருவங்கள் போதும்.

அறையும் திண்ணையும்

கட்டடத்தைப் பற்றிச் சுருங்கவே கூறலாம். ஈப்போவின் மழை பிற்பகலில் வரும். பள்ளி விடும் நேரமும் அதுவே. நனைந்த பிள்ளைகள் ஒதுங்க இடம் வேண்டும். பழைய கடைவீடுகளின் முன்னுள்ள ‘ஐந்தடி’ நடைபாதையே அதற்குத் தகுந்த முன்மாதிரி. அதில் இருக்கைகளும் நாளேட்டு மேசையும் இட்டால் அது திண்ணையாகிவிடும். கண்ணாடிக் கதவையும் குளிரூட்டிய அமைதியையும் கண்டு தயங்கும் முதியவர், திண்ணையில் நாளேடு படிப்பார். அங்கிருந்து அவர் உள்ளே வரலாம், வராமலும் இருக்கலாம்.

உள்ளே, உரக்கப் படிக்கவும் பேசவும் ஓர் அறை, அமைதியாகப் படிக்க ஓர் அறை என இரண்டு வேண்டும். இவற்றை வாசலுக்கு அருகில் ஓசையும் பின்புறத்தில் அமைதியுமாக வைக்கவேண்டும். வீட்டில் மேசையில்லாத ஐந்தாம் படிவ மாணவர்க்குப் பின்னறைதான் தேவை. அது இரவு பத்து மணிவரை திறந்திருத்தலும் தேவை. அலுவலக நேரத்தைப் பின்பற்றும் நூலகம், தொழிற்சாலையில் முறைமாற்றி உழைப்போருக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் ஒருபோதும் திறப்பதில்லை. கூடவே, தோட்டத்து ஆயாக் கொட்டகையை நினைவிற் கொள்ளவேண்டும். பால்வெட்டுக்குச் சென்ற தாய்மார் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுச் சென்றனர். குழந்தையோடு வரும் தாய்க்கு இடமில்லாத நூலகத்தில் தாய்க்கும் இடமில்லை.

ஈரப்பதமும் கரையானும் நம் தட்பவெப்பத்தின் கொடைகள். அரிய பழைய நூல்களை இத்தகைய கிளை நூலகத்தில் வைத்தல் கூடாது என்பது எம் கருத்து. எண்ணிம வடிவில் படியெடுத்து, மூலத்தைப் பாதுகாப்பான இடத்திற்கு அனுப்புதலே முறை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே இறுதி இரவில் எரியூட்டப்பட்டபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள் வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் இருந்தன. 1933இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு சேகரமே, இரங்கநாதனின் அறிவுரையும் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடமும் பெற்று 1959இல் அம்மாளிகையாகத் திறக்கப்பட்டிருந்தது. அங்கு நேர்ந்தது வன்முறை. இங்கு நேர்வது கவனக்குறைவு. ஒற்றைப் படியின் கதி இரண்டிலும் ஒன்றே. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களுக்கும், 2015இல் நிறைவெய்திய மின்மரபுடைமைத் திட்டம் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியத்திற்கும் எண்ணிமப் படிகளை உருவாக்கின. பேராக்கின் மணிமன்ற மலர்களும் பள்ளி ஆண்டு மலர்களும் அவ்வாறு திரட்டப்படக் காத்துக் கிடக்கின்றன.

உறுப்பினர் படிவம்

எல்லாவற்றுள்ளும் சிறியதும் கடினமானதும் உறுப்பினர் படிவம். நூல் இரவல் பெற அடையாள அட்டை எண் வேண்டும். சிறுவர்க்குப் பிறப்புச் சான்றிதழ் எண் வேண்டும். இது எங்கும் உள்ள விதி. நூலைக் காக்க ஏற்பட்டது. ஆனால் தோட்டத்தில் பிறந்து, திருமணப் பதிவும் பிறப்புப் பதிவும் உரிய காலத்தில் நிகழாத குடும்பங்கள் நம்மிடையே பல. இந்தியரிடையே ஆவணமற்றோரைக் கண்டறிய 2011இல் ‘மைடஃப்தார்’ என்னும் தனி இயக்கமே நடத்தப்பட்டது என்பது சிக்கலின் அளவைக் காட்டும். சான்றிதழ் இல்லாத பிள்ளை பள்ளியிலேயே பல வாயில்களில் நிறுத்தப்படுகிறது. யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை, 1949லிருந்து 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரை, அனைவர்க்கும் சமமான வாய்ப்பையே வலியுறுத்தி வந்துள்ளது. அதனை முகப்பில் சட்டமிட்டு மாட்டுவதைவிட, சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு ஆசிரியர் ஒருவரின் கையொப்பத்தின் பேரில் இரண்டு நூல் இரவல் தரும் விதியொன்றை எழுதுவது பயனுடையது. நூல்கள் சில திரும்பாமற் போகலாம். ஆண்டு இறுதிக் கணக்கில் அதற்கென ஒரு தொகையை முன்னரே ஒதுக்கிவிடவேண்டும்.

அப்படிவத்தில் நாம் கூடுதலாகச் சேர்க்க விழைவது ஒரு வரி. விரும்புவோர் மட்டும் நிரப்பத்தக்கதாக, ‘உங்கள் குடும்பம் முன்னர் வாழ்ந்த தோட்டம், கம்பம் அல்லது சிற்றூர்’ என நான்கு மொழியிலும் கேட்கும் வரி. அவ்விடத்தைப் பற்றிய நூலோ ஒளிப்படமோ பள்ளி மலரோ நூலகத்திற்கு வந்துசேரும்போது, அவ்வரியை நிரப்பியவர்க்குத் தெரிவிக்கலாம். சிலரிடம் அத்தகைய பெட்டி ஒன்று வீட்டில் இருக்கவும் கூடும். முகப்பு மேசையில் அமர்பவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தால், அப்பெட்டியைத் திறந்து பார்க்க அன்றே செல்லலாம்.